விசில் ஊதியதும் முகத்தைப் பிடியுங்கள்

வார இறுதியில் ஆடும் ரக்பி வீரரைக் கறுப்பு வெள்ளையில் உருவப்படமாக எடுக்க நினைத்தால், ஆட்டம் முடிந்த முதல் பத்து நிமிடத்தை விட்டுவிடாதீர்கள். 80 நிமிட உழைப்பு முழுவதும் அப்போதுதான் முகத்தில் இருக்கும். குளித்துத் தலைவாரி வந்துவிட்டால் போயே போச்சு!

கண்டியில் 1906லேயே டிரினிட்டி, கிங்ஸ்வுட் கல்லூரிகள் பள்ளி ரக்பி ஆடியிருக்கின்றன. அந்த ஊரின் நித்தவெல போன்ற மைதானத்தில் மாலை வெயில் நேராக முகத்தில் அடித்தால் கண்கள் சுருங்கிவிடும். வீரரை உடைமாற்றும் அறை வாசலுக்கு உள்ளே ஓரடி தள்ளி, பக்கவாட்டாக நிறுத்துங்கள். வெளிச்சம் ஒரு கன்னத்தில் மட்டும் விழும். பின்னால் இருட்டு தானாக அமையும். 85 மி.மீ. லென்ஸ், லென்ஸ் துளை எஃப்/4, ஃபோகஸ் கண்ணில். ஸ்க்ரமில் (இரு அணியும் தலை கோத்து முட்டித் தள்ளுவது) உரசி உரசித் தடித்துப்போன காது வெளிச்சப் பக்கம் வரட்டும். அது அவர் சம்பாதித்த அடையாளம், மறைக்காதீர்கள்.

கேமரா பதிந்ததைச் சுருக்காமல் வைத்திருக்கும் ரா (RAW) ஃபைலாகவே எடுங்கள். பலரும் சறுக்குவது கறுப்பு வெள்ளைக்கு மாற்றும்போதுதான். எடிட்டிங் மென்பொருளில் சிவப்பு, ஆரஞ்சு நிறங்களின் வெளிச்ச அளவை ஏற்றினால் தோல் வெளுத்து வழவழப்பாகும், கீறலும் காணாமல் போகும். அவற்றைச் சற்றே இறக்கிப் பாருங்கள்: புருவத்தில் புதிதாகக் கிழிந்த கோடு, தாடையில் காய்ந்த சேறு, மேலுதட்டில் நிற்கும் வியர்வைத்துளி எல்லாம் எழுந்து வரும். ரொம்பவும் இறக்கினால் மாநிறத் தோல் கரிபோலாகிவிடும், கவனம்.

"சிரிங்க" என்று மட்டும் சொல்லாதீர்கள். மூச்சு வாங்கட்டும், காத்திருங்கள்.