பழத்தைப் பதம் பார்த்து வாங்குவோம்

வாங்கிய பழம் வீணாவதற்குப் பெரும்பாலும் காரணம், ஒரே பதத்தில் உள்ளவற்றை மொத்தமாக வாங்கிவிடுவதுதான். வாழைப்பழத்தில் இன்றைக்கு உண்ண நான்கு பழமும், மூன்று நாள் கழித்துப் பழுக்கக்கூடிய செங்காயாக நான்கும் கேட்டு வாங்கினால், கடைசிப் பழம் கறுத்துக் குழைந்து கிடக்கும் நிலை வராது. பப்பாளியில் நுனிப்பக்கம் மஞ்சள் கீற்று ஓடியிருக்கிறதா என்று பார்க்க வேண்டும். கீற்று விழாத முழுப் பச்சைக் காய் சமையலுக்கே ஏற்றது.

சப்போட்டாவை அரிசிப் பானைக்குள் புதைத்து வைக்கும் பாட்டிமார் வழக்கத்தில் அறிவியல் இருக்கிறது. பழுக்கும் காய் வெளியிடும் எத்திலீன் வாயு காற்றில் கலைந்து போகாமல் அதைச் சுற்றியே தங்குவதால், அது விரைவாகப் பழுக்கிறது. பானை இல்லாதவர்கள் ஒரு காகிதப் பையில் பழுத்த வாழைப்பழம் ஒன்றுடன் சேர்த்து வைத்தாலும் போதும். ஆனால் திராட்சை, ஆரஞ்சு, அன்னாசி ஆகியவற்றில் பறித்த பின் இனிப்பு ஏறாது என்பதால், அவற்றைக் கனிந்ததாகவே வாங்க வேண்டும்.

பழுக்கும் முன் எதையும் குளிர்சாதனப் பெட்டியில் வைக்கக் கூடாது. வாழைக்காயின் தோல் கறுக்குமே தவிர, உள்ளே கனியாது.

விலை உயர்ந்த பழம்தான் சத்து என்பது வெறும் எண்ணம். 100 கிராம் கொய்யாவில் சுமார் 200 மில்லிகிராம் வைட்டமின் சி உள்ளது. ஆரஞ்சில் அதில் பாதிகூட இல்லை. மாலையில் பிள்ளைகள் வரும் நேரத்துக்குக் கொய்யாவைக் கீற்றாக அரிந்து, சிறிது உப்பும் மிளகாய்த்தூளும் தூவி மேசைமேல் வைத்தால், பிஸ்கட் டப்பாவை யாரும் தேடுவதில்லை.