பான்சி விதைக்கு ஆடிப்பட்டம் ஆகாது

மலையடிவாரத்தில் போடியில் இருக்கும் என் நாத்தனார் போன வருஷம் ஆடிப்பெருக்கு முடிந்த கையோடு ஒரு பாக்கெட் பான்சிப் பூ விதையை மொத்தமாக நாற்றுத் தட்டில் தூவிவிட்டு, இருபது நாள் கழித்து போன் செய்தாள். "அண்ணி, விதைக்காரன் ஏமாத்திட்டான், ஒண்ணுகூட முளைக்கல."

விதைக்காரன் மேல் தப்பில்லை. அதே கடையில் அன்றைக்கே எனக்கும் ஒரு பாக்கெட் வாங்கி அனுப்பியிருந்தாள். அது மூணாறில், தேயிலைத் தோட்டத்துக் குடியிருப்பான எங்கள் லயத்து வாசலில், பன்னிரண்டாம் நாள் தலைகாட்டியது. நான் ஆவணிக் கடைசியில் போட்டேன், அவ்வளவுதான் வித்தியாசம்.

ஆடிப்பட்டம் தேடி விதைப்பதெல்லாம் அவரைக்கும் பூசணிக்கும் சரி. பான்சி குளிர்நாட்டுச் செடி. விதை முளைக்க மண் 15 முதல் 20 டிகிரிக்குள் இருந்தால் நல்லது, 25-ஐத் தாண்டினால் பெரும்பாலும் உறங்கிவிடும். போடியில் ஆடி வெயிலுக்கு மொட்டைமாடித் தட்டு தோசைக்கல் மாதிரி காயும், அதில் எது முளைக்கும்? மலை மேலே இருக்கிற நமக்கும் ஆடி ஆகாதுதான், ஆனால் காரணம் வேறு: விடாத மழையில் நாற்று அழுகும். இங்கே ஆவணிக் கடைசியில் கூரைக்குக் கீழே போடுங்கள். கீழே இருப்பவர்கள் ஐப்பசி பாதிவரை பொறுத்திருந்து, தட்டை வீட்டிலேயே குளிர்ச்சியான இடத்தில், தண்ணீர்ப் பானைக்குப் பக்கத்தில் வைக்கலாம். விதைத்து மூன்று மாதத்தில் பூ வரும்.

அடுத்தது வெளிச்சம். சாமந்திப் பழக்கத்தில் விதையை மேலாகத் தூவி வெளியில் வைத்துவிடுகிறோம். பான்சிக்கு முளைக்கும்வரை இருட்டு வேண்டும். 3 மில்லிமீட்டருக்கு மண் தூவி, மேலே நாலு மடிப்பு செய்தித்தாளைப் போட்டு மூடுங்கள். மூடிவிட்டு மறந்துபோவது இதைவிடப் பெரிய தவறு! ஒன்றிரண்டு முளை தெரிந்த அன்றே தாளை எடுத்துவிட வேண்டும், இல்லாவிட்டால் வெளுத்து, நூல்போல நீண்டு, ஒரு நாளில் சாய்ந்துவிடும். எட்டாம் நாளிலிருந்து காலையில் காபி குடிக்கும்போதே தாளைத் தூக்கிப் பார்த்துவிடுவேன்.

சொம்பால் தண்ணீர் ஊற்றாதீர்கள். விதையெல்லாம் ஒரு மூலைக்கு ஓடிவிடும். தட்டை அரை மணி நேரம் தண்ணீரில் நிறுத்தி அடியிலிருந்து ஊறவிட்டால் போதும். நாற்று வந்தபிறகும் மேல்மண் சற்றே காய்ந்துதான் இருக்கணும். எப்போதும் சொதசொதவென்று இருந்தால், தண்டு மண்ணைத் தொடும் இடத்தில் யாரோ நகத்தால் கிள்ளியதுபோல் சுருங்கி, நேற்றுவரை நன்றாக நின்ற நாற்று காலையில் படுத்துக் கிடக்கும். அது நாற்றழுகல், பூஞ்சையின் வேலை, படுத்தது எழுந்திருக்காது. பக்கத்து நாற்றையாவது காப்பாற்ற நெருக்கத்தைக் கலைத்து காற்றோட்டமாக வையுங்கள். தோட்டத்து மண்ணை அப்படியே அள்ளித் தட்டில் போடுவதும் இதை வரவழைக்கும். தேங்காய் நார்க்கழிவும் சலித்த மண்புழு உரமும் கலந்தால் தொல்லை குறைவு.

நம் லயங்களில் மட்டும் பார்க்கும் ஒரு தவறு, அடுப்புச் சாம்பல். எந்தச் செடி வாடினாலும் ஒரு கை சாம்பல் போடாவிட்டால் நமக்குத் தூக்கம் வராது. தேயிலை அளவுக்கு இல்லாவிட்டாலும் பான்சிக்கும் லேசான புளிப்பு மண்தான் பிடிக்கும். சாம்பல் அந்தப் புளிப்பை முறித்துவிட்டால் செடிக்கு போரான் சத்து எட்டாமல் குருத்து இலைகள் கோணிச் சுருண்டு வரும். பூச்சி என்று நினைத்து மருந்தடிப்பவர்களும் உண்டு. யூரியாவும் வேண்டாம், இலை மட்டும் கொழுக்கும், பூ வராது.

நாலைந்து இலை வந்ததும் ஒரு சாண் இடைவெளியில் மாற்றி நடுங்கள். இரவில் டார்ச் அடித்து நத்தையைப் பொறுக்குங்கள். வாடிய பூவைக் காம்போடு கிள்ளிவிட்டால்தான் அடுத்த மொட்டு தொடர்ந்து வரும்.

விதை எடுக்க நினைத்தால் கடைசிப் பூக்களை விட்டுவிடுங்கள். காய் முதலில் தலைகுனிந்திருக்கும், முற்றும்போது நிமிர்ந்து வானத்தைப் பார்க்கும். அப்போதே கிள்ளி வலைப்பையில் போடணும், அது மூன்றாகப் பிளந்து விதையைத் தெறிக்கவிட்டால் பிறகு தரையில் தேட முடியாது. கடையில் வாங்கியது ஹைப்ரிட் என்றால் தாய்ச்செடியின் நிறமே வரும் என்று எதிர்பார்க்காதீர்கள். எடுத்த விதையை நன்றாக உலர்த்தி, காற்றுப் புகாத டப்பாவில் ஃப்ரிட்ஜில் வைத்து, அடுத்த பருவத்திலேயே போட்டுவிடுங்கள், வருஷக்கணக்கில் தாங்காது. நாத்தனாருக்கும் ஒரு டப்பா கொடுத்தனுப்பினேன், மூடியில் 'ஐப்பசி' என்று பெரிதாக எழுதி ஒட்டி.