'சித்திரி' என்ற சொல்லைப் பிழையில்லாமல் கையாள்வது எப்படி?

'சித்திரம்' என்ற பெயர்ச்சொல்லிலிருந்து பிறந்த வினை 'சித்திரி'. நாளிதழ்களில் 'சித்தரி' என்றும் பரவலாக வருகிறது. பலர் அதற்கே பழகிவிட்டார்கள். வேர்ச்சொல் தெரியும்படி 'தி' சேர்த்து எழுதுவதே நல்லது. எதை எழுதினாலும் ஒரே கட்டுரையில் இரண்டையும் கலக்காதீர்கள். இணையத்தில் தேடும்போது மட்டும் இரண்டையும் போட்டுப் பாருங்கள்.

யாரை, எதை என்ற கேள்விக்கு 'ஐ' உருபு; எப்படி என்ற கேள்விக்கு 'ஆக'. இரண்டுக்கும் பின் 'ச்' மிகும்: 'அவளைச் சித்திரித்தார்', 'வீராங்கனையாகச் சித்திரித்தார்'. 'அவளைப் பற்றிச் சித்திரித்தார்' என்பது பிழை. 'பற்றி' என்பது பேசு, எழுது போன்ற வினைகளோடு வருவது. ஒரு செயலையே சொல்ல வேண்டுமானால் 'வதாக' போதும்: மாமல்லபுரத்துப் புடைப்புச் சிற்பம் ஒன்று, துர்க்கை சிங்கத்தின் மேல் அமர்ந்து எருமைத்தலை அசுரனோடு போரிடுவதாகச் சித்திரிக்கிறது.

அதிகம் சறுக்குவது பொருளில்தான். கலையைப் பற்றி எழுதும்போது இச்சொல்லில் எந்தச் சாய்வும் இல்லை. சித்தன்னவாசல் விதான ஓவியம் தாமரைக் குளத்தைச் சித்திரிக்கிறது என்றால் அவ்வளவுதான். செய்தியில் அப்படி இல்லை. 'கொலையை விபத்தாகச் சித்திரித்தனர்' என்று படித்துப் படித்து, உண்மையை மாற்றிக் காட்டுவது என்ற நிழல் இச்சொல்லின் மேல் விழுந்துவிட்டது. 'அறிக்கை அவரை நேர்மையானவராகச் சித்திரிக்கிறது' என்று எழுதினால், அவர் நேர்மையானவர் அல்ல என்று நீங்களே சொல்வதுபோல் ஆகிவிடும். அந்த எண்ணம் இல்லையென்றால் 'அறிக்கை அவரை நேர்மையானவர் என்கிறது' என்று எழுதுங்கள். ஒருவருடைய பெயர் சம்பந்தப்பட்ட இடத்தில் இதில் அலட்சியம் கூடாது.

'விவரி', 'வருணி' இரண்டும் இதற்கு மாற்றல்ல. விபத்து நடந்ததை வரிசையாகச் சொன்னால் விவரிப்பது. குளத்தின் அழகைச் சொல்லால் விரித்தால் வருணிப்பது. ஒருவரையோ ஒன்றையோ இன்ன தோற்றத்தில், இன்ன குணத்தோடு நம் முன் நிறுத்தினால்தான் சித்திரிப்பு.

படத்தின் அடியில் போடும்போது 'சித்திரிப்புப் படம்' என்று 'ப்' சேர்க்க வேண்டும். வன்தொடர்க் குற்றியலுகரத்துக்குப் பின், அதாவது 'ப்பு' போல வல்லின மெய்யை அடுத்துச் சொல்லின் இறுதியில் வரும் குறுகிய உகரத்துக்குப் பின், வல்லினம் மிகும். மலையாளத்திலிருந்து மொழிபெயர்ப்பவர்கள் இன்னொன்றையும் கவனிக்க வேண்டும்: அங்கே 'சித்ரீகரணம்' என்பது திரைப்படம் எடுப்பதையும் குறிக்கும். அந்த இடத்தில் தமிழில் 'படப்பிடிப்பு' என்றே எழுத வேண்டும்.