எஃப்எச்யுஏ புரதத்தின் வடிவமைப்பை ஆராயும் முறை

ஈ. கோலை பாக்டீரியாவின் வெளிச்சவ்வில் அமர்ந்து, ஃபெர்ரிகுரோம் என்னும் சேர்மத்தோடு பிணைந்த இரும்பை உள்ளே கடத்தும் எஃப்எச்யுஏ புரதத்தை, 1998-இல் வெளியான படிக அமைப்புகளை (புரதத்தைப் படிகமாக்கிக் கண்டறிந்த முப்பரிமாண வடிவங்களை) கொண்டு கணினித் திரையில் ஆராய்வோர், முதலில் அதைப் பக்கவாட்டில் திருப்பி, 22 பீட்டா இழைகளாலான (நீண்டு விரிந்த அமினோ அமிலத் தொடர்களாலான) பீப்பாயை அடையாளம் காண வேண்டும். அடுத்து, முதல் 160 அமினோ அமிலங்களுக்குத் தனி நிறம் கொடுத்தால், பீப்பாயைத் தக்கைபோல் அடைத்திருக்கும் பகுதி புலப்படும் (பீப்பாயை வெறும் திறந்த குழாய் என எண்ணிவிடுவது எளிது).

இரும்புச் சேர்மம் பிணைந்த வடிவையும் பிணையாத வடிவையும் ஒன்றன்மேல் ஒன்று பொருத்திப் பார்ப்பதே மிகவும் பயனுள்ள படி: பிணைந்த வடிவில், தக்கையின் அடியிலுள்ள சிறு சுருள் அவிழ்ந்திருக்கும், பாக்டீரியாவின் உட்சவ்வில் பொருந்தியிருந்து ஆற்றலைக் கடத்தும் டான்பி புரதத்துக்கு அதுவே சைகை. வெளிச்சவ்வில் செல்லின் ஆற்றல் மூலக்கூறான ஏடிபி கிடைக்காததால், கடத்தலுக்கான ஆற்றல் உட்சவ்வின் புரோட்டான் விசையிலிருந்து (சவ்வின் இருபுறமும் உள்ள புரோட்டான் வேறுபாட்டால் உண்டாகும் விசையிலிருந்து) டான்பி வழியாகவே வருகிறது.