காசி யாத்திரைக்கு ஏழு கிலோ பை

டிசம்பர், ஜனவரியில் காசி, பிரயாகை, கயை என்று ஒரு வாரம் போய்வருகிறவர்கள் ஆளுக்கு இரண்டு பெட்டி கட்டுகிறார்கள். குளிருக்குப் பயந்து ஒன்று, தினமும் ஆற்றில் முழுகினால் மாற்றுத் துணி வேண்டுமே என்று இன்னொன்று. இரண்டையும் 7 கிலோவுக்குள் அடக்கிவிடலாம். நாள்கணக்குப் பார்த்துத் துணி எடுப்பதை விட்டுவிட்டு, எது எவ்வளவு நேரத்தில் காயும் என்று பார்த்து எடுக்கவேண்டும், அவ்வளவுதான்.

உள்நாட்டு விமானங்களில் எகானமி வகுப்பில் கையோடு கொண்டுபோகப் பொதுவாக விடுவது 7 கிலோ. ரயிலில் ஸ்லீப்பருக்கும் மூன்றடுக்கு ஏசிக்கும் 40 கிலோ வரை கட்டணம் இல்லை. ஆனால் காசியில் கோதௌலியா நாற்சந்தியைத் தாண்டினால் அந்த 40 கிலோவையும் நாம்தான் தூக்கவேண்டும். அனுமான் காட், கேதார் காட் (காட் என்றால் படித்துறை) பக்கத்துச் சந்துகளுக்குள் கார் நுழையாது. கல் பாவிய தரை, நடுவே மாடு, நாலடிக்கு ஒரு படி. சக்கரப் பெட்டி வைத்திருப்பவரும் கடைசியில் அதைத் தலையில்தான் வைத்துக்கொள்கிறார்.

ஆகவே தோள்பை. 30 முதல் 35 லிட்டர் கொள்ளளவு, வெறும் பை 900 கிராமுக்கு மேல் போகக்கூடாது. சக்கரப் பெட்டி காலியாகவே இரண்டரை, மூன்று கிலோ நிற்கும். அங்கேயே பாதி போச்சு. அளவு 55×35×25 செ.மீ.க்குள் இருந்தால் விமானத்தில் தகராறு இல்லை.

துணிக்கு ஒரே கணக்கு: உடம்பில் ஒன்று, பையில் இரண்டு, ஆற்றில் முழுக ஒன்று தனி. ஆண்களுக்கு முழுக்குக்கு மெல்லிய நாலு முழ வேட்டி (200 கிராம்), இரண்டு ஈரிழைத் துண்டு (இரண்டும் சேர்த்து 300). பூத்துண்டு வேண்டவே வேண்டாம். ஒன்றே அரை கிலோ இருக்கும், ஒருமுறை நனைத்தால் இரண்டு நாளுக்கு ஈரம் போகாது. பெண்கள் பருத்தி நைட்டியோடு முழுகினால் அது தண்ணீரை முழுக்கக் குடித்துக்கொண்டு படியேறும்போது காலைத் தடுக்கும். பாலியெஸ்டர் கலந்த சுடிதார்தான் சரி. கயையில் சிராத்தம் உண்டென்றால் பஞ்சகச்சத்துக்கு ஒரு வேட்டி, 350 கிராம். மடிசார் கட்டுகிறவர்கள் பட்டுப்புடவையை வீட்டிலேயே வைத்துவிட்டுக் கலப்பு நூல் ஒன்பது கஜம் எடுக்கலாம். ஜீன்ஸ் ஒன்று 700 கிராம், பனியில் காயவும் காயாது.

விடியற்காலையில் அங்கே 8, 10 டிகிரிக்கு இறங்கும். கனத்த ஸ்வெட்டர் ஒன்றைவிட மெல்லியவை மூன்று மேல்: அடியில் தெர்மல் (350 கிராம்), மேலே முழுக்கைச் சட்டை, அதற்கும் மேல் ஃப்ளீஸ் ஜாக்கெட். அடுக்குகளுக்கு நடுவே நிற்கிற காற்றுதான் குளிரைத் தடுக்கிறது. பதினோரு மணிக்கு வெயில் வந்ததும் ஒவ்வொன்றாகக் கழற்றவும் முடியும். குரங்குக் குல்லாவைப் பார்த்து யாரும் சிரிக்கப்போவதில்லை, படகில் எல்லோர் தலையிலும் அதுதான். போர்வை எடுக்காதீர்கள், தங்குமிடத்தில் ரஜாய் (பஞ்சு மெத்தைப் போர்வை) தருவார்களா என்று அறை பதியும்போதே கேட்டுவிடுங்கள். ஜாக்கெட்டும் ஷூவும் பயண நாளில் உடம்பில் இருக்கட்டும், பையில் ரப்பர் செருப்பு மட்டும். படித்துறையில் பாசி வழுக்கும், தோல் செருப்பு அங்கே உதவாது.

எல்லோருக்கும் கணக்குத் தவறுவது உலர்த்துவதில்தான். பிழிந்து குளியலறைக் கம்பியில் போட்ட துணி மறுநாளும் சொதசொதவென்று இருக்கும், மூன்றாம் நாள் வாடை வரும், உடனே கடையில் புதுத்துணி. அதற்குப் பதிலாக இப்படிச் செய்யுங்கள். பிழிந்த துணியைக் காய்ந்த துண்டின்மேல் விரித்து, இரண்டையும் பாய் சுருட்டுவதுபோல் இறுக்கிச் சுருட்டி, முழங்காலை வைத்து நன்றாக அழுத்துங்கள். கையால் வராத நீரைத் துண்டு வாங்கிக்கொள்ளும். பிறகு மூன்று மீட்டர் நைலான் கயிற்றை அறைக்குள் ஜன்னலிலிருந்து கதவுக்குக் கட்டி, மடிப்பில்லாமல் இடைவெளி விட்டுத் தொங்கவிட்டு மின்விசிறியைப் போடுங்கள். உடனிருப்பவர்கள் குளிரில் விசிறியா என்று சண்டைக்கு வருவார்கள். ஆகவே அறையை விட்டு வெளியே போகும் நேரத்தில் போடுவது நல்லது. மொட்டை மாடியில் பதினொன்றிலிருந்து இரண்டு மணிவரை வெயில் கிடைக்கும். ஆனால் குரங்குகள் உண்டு, துணியைக் காவல் இல்லாமல் விடக்கூடாது.

ஊர் மாறும் நாளில் முழுக்கு வைத்துக்கொள்ளாதீர்கள். நீரைத் தலையில் தெளித்துக்கொண்டால் போதும். ஈர வேட்டி தன் எடையைப்போல் ஒரு மடங்கு நீரையும் சேர்த்துப் பையில் ஏற்றிவிடும்.

எடையைக் கூட்டிப் பார்ப்போம். பை 900, பாண்ட் 350, சட்டை இரண்டு 400, வேட்டிகளும் துண்டுகளும் 850, உள்ளாடை மூன்று ஜோடி 300, தெர்மல் 350, செருப்பு 300, சோப்பு, எண்ணெய், மாத்திரை 600, 10,000 எம்ஏஎச் பவர்பேங்க், சார்ஜர் 350, கயிறு, ஊக்கு, பாலிதீன் உறை 100, காகிதங்கள் 100. மொத்தம் 4.6 கிலோ. புடவை, உள்பாவாடை என்று பெண்களுக்கு 700 கிராம்வரை கூடும். எஞ்சுவதில் அரை கிலோ பருப்புப் பொடிக்கும் பூஜைச் சாமானுக்கும். மீதியைக் காலியாகவே விடுங்கள், திரும்பும்போது பனாரஸ் புடவை வராமலா இருக்கும்?

பவர்பேங்க் கைப்பையில்தான் இருக்கவேண்டும், விமானத்தில் சரக்காகப் போடும் பெட்டியில் கூடாது. 100 வாட்-மணி வரை தனி அனுமதி வேண்டாம். 20,000 எம்ஏஎச் என்பதே 74 வாட்-மணிதான். கொப்பரைத் தேங்காயை எடுத்துவிடுவார்கள், எண்ணெய்ச் சத்தால் தீப்பற்றும் பொருள் அது. புளிக்காய்ச்சலும் ஊறுகாயும் சோதனையில் மாட்டும், பொடிதான் தொல்லையில்லாதது. விசுவநாதர் கோயிலுக்குள் கைபேசியையும் பையையும் விடுவதில்லை என்பதால், காணிக்கைக்கும் பூவுக்கும் மெல்லிய துணிப்பை ஒன்று.

ராமேஸ்வரத்து மணலைப் பிரயாகையின் திரிவேணியில் சேர்ப்பவர்களுக்குக் கைப்பிடி மணல் போதும், கிலோ கணக்கு வேண்டாம். அங்கிருந்து ராமநாதர் அபிஷேகத்துக்குக் கொண்டுவரும் கங்கை நீர்தான் சிக்கல்: சீல் வைத்த சொம்பைக் கைப்பையில் விடமாட்டார்கள். ரயிலில் வருகிறவரிடம் கொடுத்தனுப்புங்கள், அல்லது அந்த ஒன்றை மட்டும் உறையில் சுற்றிச் சரக்காகப் போடுங்கள். வீட்டுக்குக் கொஞ்சம் வேண்டும் என்றால் தூக்கிவரவே தேவையில்லை. 2016 முதல் அஞ்சலகங்களில் கங்கை நீர் விற்கிறார்கள்.

மூடுபனியில் ரயிலும் விமானமும் மணிக்கணக்கில் தாமதமாகும். ஒரு நாள் மாத்திரை, குல்லா, காலுறை மூன்றையும் பையின் மேல் அறையில் வையுங்கள், பிளாட்பாரத்தில் பையைக் கவிழ்க்க வேண்டியிருக்காது.