தாவர நார் இம்ப்ளாண்டைச் சுற்றியுள்ள திசுவை மைக்ரோஸ்கோப்பில் படிப்பது எப்படி?

இம்ப்ளாண்ட் ஆய்வுகளுக்குத் திசு ஸ்லைடு படித்துக் கொடுப்பதுதான் என் வேலை. சணல், ஆளி, பருத்தி என்று ஏதாவது ஒரு தாவர நாரை மக்கும் பிளாஸ்டிக்கோடு சேர்த்துச் சின்ன வட்டாக வார்த்து, எலியின் தோலுக்கு அடியில் வைத்து, சில வாரம் கழித்து எடுத்த துண்டுகள் என்னிடம் வரும். கூடவே பல நேரம் ஒரு குறிப்பும் வரும்: ‘இயற்கைப் பொருள், முழுக்க மக்கிவிடும்.’ இந்தத் துறைக்குப் புதிதாக வருகிறவர்கள் அந்தக் குறிப்பை நம்பிக்கொண்டு ஸ்லைடைப் பார்க்கக் கூடாது என்பதற்காகவே இதை எழுதுகிறேன்.

முதலில் ஒரு விஷயத்தை மனதில் இருத்திக்கொள்ளுங்கள். தாவர நாரின் உடம்பே செல்லுலோஸ்தான். மண்ணில் அதைப் பூஞ்சையும் பாக்டீரியாவும் செல்லுலேஸ் என்ற நொதியால் உடைக்கின்றன. நம் திசுவில் அந்த நொதி கிடையாது. அறுவை சிகிச்சையின்போது உள்ளே தங்கிவிட்ட பருத்தித் துணி பல வருடம் கழித்தும் அப்படியே இருக்கும், சுற்றிலும் கட்டி கட்டியிருக்கும்; இதை மருத்துவர்கள் நன்றாக அறிவார்கள். ஆனால் அதே செல்லுலோஸை ஆக்சிஜனேற்றம் செய்தால் கதை மாறுகிறது. இரத்தக் கசிவை நிறுத்த 1940-களிலிருந்து பயன்படும் ஆக்சிஜனேற்றிய செல்லுலோஸ் சில வாரங்களில் உடலில் கரைந்து போகிறது. ஆகவே ஸ்லைடைத் தொடுவதற்கு முன்பே செய்தவரிடம் கேளுங்கள்: இந்த இம்ப்ளாண்டில் எது கரைய வேண்டும், எந்த வழியில், எத்தனை வாரத்தில்? பதில் இல்லாவிட்டால் நீங்கள் காண்பது வெற்றியா தோல்வியா என்று சொல்ல வழியே இல்லை.

அப்புறம் நாரை எப்படிச் சுத்தம் செய்தார்கள் என்று கேளுங்கள். காரத்தில் ஊறவைத்து, நாரை இறுக்கிப் பிடிக்கும் லிக்னினையும் மெழுகையும் எடுத்தார்களா? எண்டோடாக்சின் சோதனை நடந்ததா? வயலிலிருந்து வரும் நாரில் பாக்டீரியா இருக்கும். கிருமி நீக்கம் பாக்டீரியாவைக் கொல்லுமே தவிர, அதன் சுவரிலிருந்து வரும் எண்டோடாக்சினை நீக்கிவிடாது. பொதுவான மருத்துவச் சாதனங்களுக்கு அமெரிக்க எஃப்.டி.ஏ வைத்திருக்கும் வரம்பு ஒரு சாதனத்துக்கு 20 எண்டோடாக்சின் யூனிட். இதில் தாவர நாருக்கே உரிய ஒரு சிக்கல் உண்டு. குதிரைலாட நண்டின் இரத்தத்தை வைத்துச் செய்யும் வழக்கமான சோதனை, செல்லுலோஸோடு வரும் பீட்டா குளுக்கான் என்ற சர்க்கரைச் சங்கிலிக்கும் ‘பாசிட்டிவ்’ காட்டும். குளுக்கானைத் தடுக்கும் பஃபர் கரைசல் சேர்த்துச் செய்தார்களா என்று பாருங்கள். எண்டோடாக்சினால் வந்த அழற்சியையும் நாரால் வந்த அழற்சியையும் ஸ்லைடை மட்டும் வைத்துப் பிரிக்க முடியாது. அதனால்தான் இதில் இவ்வளவு கறாராக இருக்கிறேன்.

சரி, ஸ்லைடுக்கு வருவோம். குறைந்த பெரிதாக்கத்தில் முழு வட்டையும் ஒரு சுற்றுப் பாருங்கள். நடுவில் வெற்றிடம் தெரிந்தால் உடனே ‘கரைந்துவிட்டது’ என்று எழுத வேண்டாம். பி.எல்.ஏ, பி.சி.எல் போன்ற பிளாஸ்டிக்குகள் பாரஃபின் மெழுகில் பதிக்கும் வேலையின்போது சைலீன் போன்ற கரைப்பானிலேயே போய்விடக்கூடும். உடல் கரைத்ததா, சைலீன் கரைத்ததா என்பது வெற்றிடத்தைப் பார்த்தால் தெரியாது. அதே நாளில் எடுத்த இன்னொரு துண்டை எடைபோட்டோ மூலக்கூறு எடை அளந்தோதான் அதை முடிவு செய்ய வேண்டும். செல்லுலோஸுக்கு இந்தப் பிரச்சினை இல்லை. அது மெழுகிலும் நிற்கும். என்ன, கத்தியில் சிக்கிச் சீவல் கிழியும், நார் மடங்கி இடம் மாறும்.

நாட்கணக்கு இல்லாமல் எந்த செல்லையும் நல்லது கெட்டது என்று சொல்லாதீர்கள். முதல் ஓரிரு நாளில் நியூட்ரோஃபில்கள் என்ற வெள்ளை அணுக்கள் வருவது வெட்டுக்காயத்தின் இயல்பு; இம்ப்ளாண்ட் வைக்காமல் வெட்டித் தைத்த விலங்கிலும் அவை இருக்கும். அந்தக் கட்டுப்பாட்டு ஸ்லைடு கையில் இருக்க வேண்டும். பிறகு அந்நியப் பொருளை விழுங்கும் மேக்ரோஃபேஜ்கள் இடத்தைப் பிடிக்கும். அதன் பின்னால் திசுவை நெய்யும் ஃபைப்ரோபிளாஸ்ட் செல்கள், புதிய இரத்த நுண்குழாய்கள், அந்த செல்கள் சுரக்கும் கொலாஜன் என்ற புரத நார். நான்காவது வாரத்திலும் நியூட்ரோஃபில்கள் கூட்டமாக இருந்தால், அது நாரின் குணம் என்று எழுதுவதற்கு முன் தொற்றா, எண்டோடாக்சினா என்று தேடுங்கள்.

இனி, என் வேலையில் எனக்கு மிகவும் பிடித்த கட்டம். மைக்ரோஸ்கோப்பில் போலரைசரை, அதாவது ஒளியை ஒரே தளத்தில் மட்டும் விடும் வடிகட்டியை, குறுக்காகத் திருப்புங்கள். புலம் இருண்டு, நார்ச் சுவர்கள் மட்டும் வெள்ளையாக, சில இடத்தில் நீலமாகப் பளிச்சிடும். கொலாஜனும் மங்கலாக மின்னும். ஆனால் நாரின் பிரகாசம் வேறு ரகம். பன்னிரண்டாம் வார ஆளி ஸ்லைடு ஒன்றில் நான் பார்த்ததைச் சொல்கிறேன். குறுக்கே வெட்டுப்பட்ட ஒரு தனி நார், பல கோண வடிவில், நடுவில் ஊசிமுனைத் துளையோடு. அதன் மூன்று பக்கத்தை ஒரே ஒரு ராட்சத செல் வளைத்திருந்தது. உட்கருக்கள் நாருக்கு எதிர்ப்பக்க விளிம்பில் வரிசையாக ஒதுங்கியிருந்தன. நாரின் விளிம்போ கூர்மையாக, அரிப்பே இல்லாமல் இருந்தது. மேக்ரோஃபேஜ் தனியாக விழுங்கக்கூடிய அளவு சுமார் 10 மைக்ரோமீட்டர் வரைதான். ஆளி நாரின் தடிமனே பொதுவாக அதற்கு மேல், நீளமோ சென்டிமீட்டர் கணக்கு. விழுங்க முடியாததைப் பல செல்கள் ஒன்றாக இணைந்து சூழ்ந்துகொள்கின்றன. இப்படி ராட்சத செல் இருப்பது மட்டுமே மோசமான அறிகுறி ஆகாது. விளிம்பு அரிக்கிறதா, துண்டுகள் சிறுத்துக்கொண்டே போகின்றனவா, அவற்றைச் சுற்றி லிம்போசைட்டுகள் என்ற நோயெதிர்ப்பு செல்கள் கூடுகின்றனவா, இல்லை அமைதியாகக் கொலாஜன் படிகிறதா என்பதுதான் கேள்வி. ஒவ்வொரு காலக்கட்டத்திலும் ஒளிரும் பரப்பை அளந்து வைத்துக்கொண்டால் இதற்குப் பதில் தானாகக் கிடைக்கும்.

ஒளிரும் பொடி எல்லாம் நார் அல்ல. சிலுவைக் குறியோடு மின்னும் உருண்டை மணிகள் ஸ்டார்ச். கையுறைப் பொடியிலிருந்து வந்திருக்கலாம்.

இம்ப்ளாண்டைச் சுற்றிப் படியும் கொலாஜன் உறையின் தடிமனை மாசன் ட்ரைக்ரோம் சாயத்தில் அளப்பது எளிது. கொலாஜன் நீலமாகத் தெரியும். வட்டின் தட்டையான பக்கத்தில் பல இடங்களில், மேற்பரப்புக்குச் செங்குத்தாக அளந்து சராசரி எடுங்கள். மூலையில் உரசலால் உறை தடிக்கும். அங்கே எடுத்த எண்ணைத் தனியாகக் குறியுங்கள்.

திசுவின் எதிர்வினைக்கு மதிப்பெண் போட, இம்ப்ளாண்ட் சோதனைக்கான சர்வதேசத் தரமான ஐ.எஸ்.ஓ 10993-6-இன் அட்டவணை இருக்கிறது. நியூட்ரோஃபில், லிம்போசைட், பிளாஸ்மா செல், மேக்ரோஃபேஜ், ராட்சத செல், திசு இறப்பு ஒவ்வொன்றுக்கும் 0 முதல் 4 வரை போட்டுக் கூட்டி இரண்டால் பெருக்க வேண்டும். அதோடு புதிய இரத்தக் குழாய், நார்த்திசு, கொழுப்பு ஊடுருவல் மதிப்பெண்களைச் சேர்த்து, சோதனைப் பொருளின் சராசரியிலிருந்து, ஒப்பிட வைத்த கட்டுப்பாட்டுப் பொருளின் சராசரியைக் கழிக்க வேண்டும். 2.9 வரை எதிர்வினை இல்லை அல்லது மிகக் குறைவு, 8.9 வரை லேசானது, 15 வரை நடுத்தரம், அதற்கு மேல் கடுமை.

இந்தக் கணக்கில் எனக்கு ஒரு மனத்தாங்கல் உண்டு. புதிய இரத்தக் குழாய் வந்தால் எரிச்சல் மதிப்பெண் ஏறுகிறது. துளைகள் நிறைந்த தாவரச் சட்டகத்தில் நாம் வேண்டுவதே அதுதானே! 2016-இல் ஒட்டாவா பல்கலைக்கழகக் குழு, செல்கள் நீக்கிய ஆப்பிள் சதையைச் சுண்டெலித் தோலுக்கடியில் எட்டு வாரம் வரை வைத்துப் பார்த்தது. செல்லுலோஸ் சட்டகம் கரையவில்லை. அதற்குள்ளேயே எலியின் செல்களும் இரத்தக் குழாய்களும் குடியேறின. எனவே மொத்த மதிப்பெண்ணை மட்டும் கொடுத்துவிடாதீர்கள். இரத்தக் குழாய் எண்ணிக்கையை, அது சட்டகத்துக்கு உள்ளேயா வெளியேயா என்ற குறிப்போடு, தனி வரியில் கொடுங்கள்.

அருகிலுள்ள நிணநீர்க் கணுவையும் எடுத்துப் போலரைசரில் பாருங்கள். இம்ப்ளாண்ட் இருந்த இடத்தில் நார் குறைந்து, கணுவில் ஒளிரும் துகள் தெரிந்தால், அது கரையவில்லை, இடம் மாறியிருக்கிறது. அப்போது அறிக்கையில் ‘மக்கியது’ என்று எழுதக் கூடாது. ‘நார் துண்டுகளாகப் பிரிந்தது, ஒரு பகுதி நிணநீர்க் கணுவில் காணப்பட்டது’ என்று எழுதி, எத்தனையாவது வாரம் என்பதையும் அதே வரியில் சேர்த்துவிடுங்கள்.