ஒண்ணாங்கிளாஸ் எடுக்கப்போற டி.எல்.எட். பசங்களுக்கு மொதல்ல தெலுங்கு குடுங்க

எழுத்து சொல்லிக்குடுக்க ட்ரெயினிங் பசங்கள, அதான் டி.எல்.எட்.ங்கற தொடக்கப்பள்ளி டீச்சர் படிப்பு படிக்கறவங்கள, தயார் பண்றவங்களுக்காக இத எழுதறேன், லெக்சரரா இருந்தாலும் சரி, ப்ராக்டீஸுக்கு வர்றவங்கள கிளாஸ்ல சேத்துக்கிற டீச்சரா இருந்தாலும் சரி. இதுல பெரிய தலவலி என்னன்னா ட்ரெயினிங் பசங்க எல்லாருக்கும் நல்லா படிக்கத் தெரியும். தெரியாம இருந்த காலம் யாருக்கும் ஞாபகம் இல்ல, அதனால அஞ்சு வயசு புள்ளகிட்ட "இதுகூட தெரியலயா"ன்னு கேட்டுடறாங்க.

மொத நாள் சைக்காலஜி வேணாம். நம்ம புதுச்சேரியில ஒரு வசதி, யானம் நம்மளோட சேந்தது, அந்தப் பக்கத்து ஆளு யாராவது இருந்தா தெலுங்கு ஒண்ணாங்கிளாஸ் புக்கு கேளுங்க, இல்லன்னா நெட்ல எடுத்து ரெண்டு பக்கம் ஜெராக்ஸ் போட்டுக்கோங்க. நாலு எழுத்த போர்டுல எழுதி ஒரே தடவ சொல்லிட்டு, உடனே அதுலயே ஒரு வார்த்த எழுதி படிக்கச் சொல்லுங்க. தெலுங்குல நிறைய எழுத்துக்கு தலையில டிக் மாதிரி ஒண்ணு இருக்கும், இகரம் சேந்தா அது போய்டும், அவ்ளோதான், இப்ப படிச்ச எழுத்தே யாருன்னு தெரியாது. ஒருத்தர் பக்கத்து நோட்ட எட்டிப் பாப்பாரு, ஒருத்தர் படத்த பாத்து அடிச்சு விடுவாரு, ஒருத்தர் தண்ணி குடிக்க வெளிய போவாரு. அங்கயே நிறுத்தி, இப்ப நீங்க என்ன பண்ணீங்கன்னு எழுதச் சொல்லுங்க. ஒண்ணாங்கிளாஸ் புள்ளைங்க பண்றதும் இதேதான். (தெலுங்கு படிக்கத் தெரிஞ்சவங்க இருந்தா அன்னிக்கு அவங்கதான் டீச்சர்.)

அடுத்து தமிழுக்கு வாங்க, ஆனா புள்ள கண்ணால பாக்கணும். 12 உயிர், 18 மெய், 216 உயிர்மெய், ஒரு ஆய்தம், மொத்தம் 247னு எல்லாரும் ஒப்பிப்பாங்க. இதுல எது புள்ளய தடுக்கி விடுதுன்னு கேளுங்க, பதில் வராது. நாம ல்-ல "இல்"னு சொல்லிக்குடுக்கறோம், அதனால புள்ள 'கல்'ல "க-இல்"னு படிக்குது, தப்பு புள்ளமேலயா? அந்த எழுத்தோட பேரு வேற, வார்த்தைக்குள்ள அது குடுக்கற சத்தம் வேற, கல், பல், நெல்னு வாயால சொல்லி கடைசி சத்தத்த மட்டும் இழுத்துக் காட்ட ட்ரெயினிங் பசங்க பழகணும். அப்புறம் கால், அது பாக்க ர மாதிரியே இருக்கறதால 'காகம்' வந்து "கரகம்" ஆய்டும். ஒத்தக்கொம்பு, ரெட்டக்கொம்பு இன்னும் மோசம், கண்ணுக்கு கொம்பு முன்னாடி தெரியுது, வாய்ல க முன்னாடி வரணும். 'கொ'ன்னா ரெண்டு பக்கமும் ஆளு நிக்குது. கு, சு, து, பு இதுங்களுக்கு பொதுவா ஒரு அடையாளமே கிடையாது, அந்த உகர ஊகார வரிச 36 எழுத்துக்கும் தனியா நேரம் ஒதுக்கணும். கடல், பகல், தங்கம் மூணையும் சத்தமா சொல்லிப் பாக்கச் சொல்லுங்க, ஒரே க மூணு விதமா ஒலிக்குதுன்னு அன்னிக்குத்தான் பாதி பேருக்கு உறைக்கும்.

இப்பதான் ஸ்கூலுக்கு அனுப்பணும், லெசன் பிளான் இல்லாம. ஒரு ஆளுக்கு ஒரு புள்ள, பக்கத்துல தரையில உக்காந்து படிக்கச் சொல்லி கேக்கணும், திருத்தக் கூடாது, நோட்ல ரெண்டு பத்தி மட்டும்: எழுதியிருந்தது, புள்ள படிச்சது. 'வலை'ய "மீன்"னு படிச்சா படத்த பாத்து சொல்லுது, எழுத்துக்கே வரல. "வரை"ன்னு படிச்சா எழுத்துக்கு வந்துடுச்சு, ஒண்ணு மட்டும் மாறிப்போச்சு. "வல"ன்னு படிச்சா அது தப்பே இல்லங்க, வீட்ல அப்பிடித்தான் பேசறோம், புரிஞ்சு படிச்சிருக்கு. இந்த மூணுக்கும் ஒரே சிவப்பு இங்க்ல பெருக்கல் போடற ஆளு ஒண்ணாங்கிளாஸ் பக்கம் வராம இருக்கறது நல்லது. வீட்ல தாத்தா சொல்லிக்குடுத்த புள்ளயா இருந்தா லை-ய யானை தும்பிக்க மாதிரி வளைவு வச்சு எழுதும், 1978 சீர்திருத்தத்துக்கு முன்னாடி அதான் எழுத்து, அதையும் சொல்லி வைங்க.

கடலூர் பக்கம்னா தமிழ்நாட்டு அரசோட எண்ணும் எழுத்தும் திட்டத்துல புள்ளைங்க எவ்ளோ கத்திருக்குன்னு பாத்து அரும்பு, மொட்டு, மலர்னு பிரிச்சிருப்பாங்க, 2022லேந்து நடக்குது. அரும்புல, அதான் ஆரம்ப நிலையில, இருக்கற புள்ளயா குடுங்க, அங்கதான் கத்துக்க விஷயம் இருக்கு.

எழுதறதுக்கு பத்து தடவ காப்பி பண்றதெல்லாம் வேணாம். வீராம்பட்டினம் மாதிரி மீனவர் ஊரு புள்ளன்னா "அப்பா நண்டு புடிச்சாரு"ன்னு ஏதாவது சொல்லும், அத சொன்ன மாதிரியே பெருசா எழுதி, விரல் வச்சு அதையே படிக்கச் சொல்லணும். தான் சொன்னதுங்கறதால தைரியமா படிக்கும். அதுக்கப்புறம் நண்டு மட்டும் தனியா, ண் எங்க இருக்கு, டு எங்க இருக்குன்னு. 'பிடித்தார்'லாம் பாடப்புத்தகத்துல மெதுவா வரட்டும். புள்ள தானா "மீன் கொளம்பு"ன்னு எழுதிச்சுன்னா பாராட்டுங்க, ழ பின்னாடி பாத்துக்கலாம், சத்தத்த கேட்டு எழுதியிருக்கு பாருங்க.

சார்ட்டு பத்தி ஒரு வார்த்த. தெர்மாகோல், ஜிகினா, ராத்திரி ரெண்டு மணி வரைக்கும் அம்மா அப்பாவும் சேந்து வெட்டி ஒட்டறது, மார்க்கும் அதுக்குத்தான், புள்ள அத ஒரு நாள் பாக்கும். ஒரு சிலேட்டும் பல்பமும் போதும். அந்த பல்பத்த ட்ரெயினிங் பசங்க கையில குடுத்து, எழுதற கைய மாத்தி ஒரு சிலேட்டு நிறைய 'ஞ' போடச் சொல்லுங்க, கை வலிக்குது சார்னு சொன்னா இன்னொரு சிலேட்டு குடுங்க.